அறிவியல் புனைகதைப் பதிப்பாசிரியர் பணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறிவியல் புனைகதையையும் மிகுபுனைவையும் சிறுவயது முதலே விரும்பிப் படித்தவர்கள்தான் பெரும்பாலும் இத்துறையில் பதிப்பாசிரியர் ஆகிறார்கள். அந்த விருப்பம் இல்லாதவர் இந்த வேலையில் நிலைக்க முடியாது என்றாலும், முதல் தவறு அதிலிருந்தே தொடங்குகிறது. தாம் படித்து மயங்கிய நூல்களை வைத்தே அவர்கள் புதிய கைப்பிரதிகளை அளக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு கற்பனை உலகுக்கும் அதற்கே உரிய விதிகள் உண்டு. அவற்றைக் கண்டறிந்து, எழுத்தாளரே அவற்றை மீறாதபடி கடைசிப் பக்கம்வரை கூடவே நிற்பதுதான் பதிப்பாசிரியரின் வேலை.

1937 முதல் 1971இல் இறக்கும்வரை ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்க அறிவியல் புனைகதை இதழை (பின்னாளில் ‘அனலாக்’) நடத்திய பதிப்பாசிரியர் ஜான் கேம்பெல்லிடம் இந்த வேலையின் உயர்வும் தாழ்வும் ஒருங்கே தெரிகின்றன. டாம் காட்வின் 1954இல் எழுதிய ‘த கோல்ட் ஈக்வேஷன்ஸ்’ கதையில், ஓட்டுபவருக்கு மட்டும் போதுமான எரிபொருளுடன் செல்லும் விண்கலத்தில் ஒரு பெண் ஒளிந்து ஏறிவிடுகிறாள்; அவளை வெளியேற்றாவிட்டால் கலம் பத்திரமாகத் தரையிறங்க முடியாது. எழுத்தாளர் ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வழியில் அவளைக் காப்பாற்றிவிட, கேம்பெல் கதையைத் திரும்பத் திரும்ப அனுப்பி மாற்றச் சொன்னார் என்பார்கள். கதை தானே போட்டுக்கொண்ட கணக்கு பொய்யாகக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அதே கேம்பெல், சாமுவேல் டிலேனியின் ‘நோவா’ நாவல் தொடராக வெளியிடக் கேட்டு வந்தபோது, கறுப்பினக் கதாநாயகனோடு தம் வாசகர்கள் ஒன்ற மாட்டார்கள் என்று சொல்லி மறுத்துவிட்டார். முன்னதில் அவர் கதைக்குள் நின்று பேசினார். பின்னதில் தம் தயக்கத்தை வாசகர்மேல் ஏற்றினார். “வாசகர் ஏற்க மாட்டார்” என்று எழுத நேரும்போதெல்லாம், அந்த வாசகர் உண்மையில் யார் என்று பதிப்பாசிரியர் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்த தவறு, ஸ்டைல் ஷீட் (கதையின் பெயர்களையும் விவரங்களையும் குறித்துவைக்கும் தாள்) எழுதாமல் நினைவை நம்புவது. ஊர்ப் பெயர், அரசப் பட்டம், உறவுமுறை, நாணய மதிப்பு, மந்திரத்துக்குக் கொடுக்க வேண்டிய விலை என ஒவ்வொன்றையும் அது முதலில் வரும் பக்க எண்ணோடு குறித்து வைக்க வேண்டும். உதாரணமாக, நம் நிலவைப் போலவே நிலவு கொண்ட ஓர் உலகில், மூன்றாம் பிறை நடுநிசியில் உச்சிவானில் நிற்பதாகக் கைப்பிரதியில் ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மாலையில் மேற்கே தெரிந்து சற்று நேரத்தில் மறைந்துவிடும் பிறை நள்ளிரவில் உச்சிக்கு வர வழியில்லை. அந்த வரியைப் பேசாமல் திருத்திவிடுவதும் தவறுதான். அந்த உலகின் வானம் வேறா, எழுத்தாளர் கவனிக்காமல் விட்டாரா என்று ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி அனுப்ப வேண்டும். ஏனெனில் பதில் முதல் வகையாக இருந்தால், அதற்கு முன்னுள்ள ஒவ்வொரு இரவுக் காட்சியையும் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

இவையெல்லாம் அற்ப விஷயங்கள் என்று எண்ணிவிடக் கூடாது. லாரி நிவெனின் ‘ரிங்வேர்ல்ட்’ 1970இல் வெளிவந்தபோது, கதாநாயகன் தன் பிறந்தநாளை நீட்டிக்க நள்ளிரவை முந்திக்கொண்டு ஊர் ஊராகத் தாவுகிறான். மேற்கே போக வேண்டியவன் முதல் அச்சில் கிழக்கே போய்விட்டான். பிந்தைய அச்சுகளில் இது சரிசெய்யப்பட்டது. கதையின் தொடக்கத்திலேயே இருந்த பிழை அது; ஒரு பூகோள உருண்டையை விரலால் சுழற்றிப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்கும்.

தேவையில்லாத இடத்தில் கை வைப்பதும் இதற்கு இணையான தவறு. பாத்திரத்தின் கொச்சையை இலக்கணப்படுத்துவதும், புதிதாக ஆக்கிய சொல்லுக்கு உடனே விளக்கம் கேட்பதும் அந்த உலகின் காற்றையே வெளியேற்றிவிடும்.

வணிகக் கணக்கு தமக்கு வேண்டாதது என்று ஒதுங்குபவர்களும் உண்டு. முன்பணம், அச்சுச் செலவு, எதிர்பார்க்கும் விற்பனை ஆகியவற்றை எழுதிக் காட்டாமல் எந்தப் பதிப்பாசிரியராலும் தாம் நேசிக்கும் நூலை நிறுவனத்தை வாங்கவைக்க முடியாது. ‘கேலக்சி’ என்ற அறிவியல் புனைகதை இதழில் உதவியாளராகத் தொடங்கிய ஜூடி-லின் டெல் ரே, பாலன்டைன் நிறுவனத்துக்கு வந்தபின், 1977இல் படம் திரைக்கு வருமுன்பே ‘ஸ்டார் வார்ஸ்’ நாவலை 1976இல் வெளியிட்டார். கதையை அறிந்தவரே சந்தையையும் அறிந்திருந்ததால் அது சாத்தியமாயிற்று. அதற்காக, சந்தை மறுத்ததையெல்லாம் தாமும் மறுப்பது அறிவாகாது. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் திருப்பியனுப்பிய ‘டியூன்’ நாவலை, ‘அனலாக்’கில் தொடராகப் படித்திருந்த பதிப்பாசிரியர் ஸ்டெர்லிங் லேனியர், கார் பழுதுபார்ப்புக் கையேடுகளுக்குப் பேர்போன சில்ட்டன் நிறுவனத்தின் வழியாக 1965இல் கொண்டுவந்தார்.

கடைசியாக, செய்த வேலையைப் பதிவு செய்யாமல் விடுவது. பெரும்பாலான நாவல்களில் பதிப்பாசிரியர் பெயர் அட்டையில் வருவதில்லை. அறிவியல் புனைகதைக்கும் மிகுபுனைவுக்கும் ஆண்டுதோறும் தரப்படும் ஹ்யூகோ விருதில் இதழாசிரியர்களும் நூல் பதிப்பாசிரியர்களும் ஒரே பிரிவில் போட்டியிட்டு வந்தார்கள். 2007இல்தான் நெடும்வடிவம் (நாவல்கள்), குறும்வடிவம் (இதழ்கள், தொகுப்புகள்) என அப்பிரிவு இரண்டாக்கப்பட்டது. ஆகவே எந்த நூலை வாங்கினோம், எதைச் செம்மைப்படுத்தினோம் என்ற பட்டியலை ஆண்டுவாரியாக வைத்துக்கொள்வதும், நன்றியுரையில் தம் பெயரைச் சேர்க்க முடியுமா என்று எழுத்தாளரிடம் கூச்சமின்றிக் கேட்பதும் நல்லது.