‘குழுவில் போட்டாயிற்று’: தவணை நிகழ்வுகளைப் பெற்றோருக்கு அறிவிப்பதில் நாம் விடும் பிழைகள்

தரம் ஒன்று மாணவன் ஒருவன் ஒரு நாள் காலை சொப்பிங் பைக்குள் புதுச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். முந்திய நாள் கைவேலைக்காக நான் கேட்டிருந்தது சிரட்டை. பிள்ளை வீட்டில் போய்ச் சொன்னது சட்டை. தாய் வெளிநாட்டில், தகப்பன் கடலில். அம்மம்மா தனக்குச் சொல்லப்பட்டதை ஒழுங்காகவே செய்து, மடிப்புக் கலையாமல் அனுப்பியிருந்தார். அன்று வகுப்பில் எல்லோரும் சிரித்தோம், நானும்தான். பிறகு யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டில் யாரும் பிழை விடவில்லை. ஆறு வயதுப் பிள்ளையைத் தபால்காரனாக்கியது நான்.

நிகழ்வு பற்றித் தெரியாது என்று பெற்றோர் சொன்னால், திருகோணமலையில் ஆரம்பப் பிரிவில் கற்பிக்கும் எங்களிடம் ஒரு வழக்கமான பதில் உண்டு: “வட்ஸ்அப் குழுவில் போட்டோமே, பார்க்கவில்லையா?” அறிவித்தலை அனுப்பியதோடு நம் வேலை முடிந்தது என்ற நினைப்பு அதில் இருக்கிறது. காலையில் பிள்ளைக்குத் தலை இழுத்து, தண்ணீர்ப் போத்தல் நிரப்பி அனுப்புகிறவருக்கு விஷயம் தெரிந்ததா என்பதுதான் கேள்வி. அந்த நபர் யார் என்று வகுப்பாசிரியருக்கே பல நேரம் தெரிவதில்லை. பதிவேட்டில் இருப்பது தகப்பனின் இலக்கம். அவர் இரவு கடலுக்குப் போய்க் காலையில் கரைக்கு வருகிறவர். வட்ஸ்அப் குழுவில் இருப்பது வளைகுடாவில் வேலை செய்யும் தாய். அங்கே விடியும்போது இங்கே பாடசாலை மணி அடித்திருக்கும். வீட்டில் இருக்கும் அம்மம்மாவிடம் உள்ளதோ பொத்தான் அழுத்திப் பேசும் பழைய தொலைபேசி.

ஆகவே தவணை தொடங்கும்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கேள்வியைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறேன்: “காலையில் இவரை வெளிக்கிடுத்துவது யார், அவருக்கு எப்படிச் சொன்னால் தெரியும்?” முப்பது பிள்ளைகளில் ஏழெட்டுப் பேருக்கு அழைப்பு எடுத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்குக் குரல் பதிவு நல்லது. நகரத்தில் சிங்களம் மட்டும் வாசிக்கத் தெரிந்த தாயோ தகப்பனோ உள்ள வீடுகளும் இருக்கின்றன; அவர்களுக்குச் சக ஆசிரியர் ஒருவரிடம் கேட்டு இரண்டு வரி சிங்களத்தில் அனுப்புவது பெரிய காரியமல்ல.

அடுத்த பிழை ‘நாளை’ என்ற சொல். திங்கள் இரவு எழுதிய ‘நாளை’யை, டேட்டா முடிந்து புதன் காலை ரீலோட் போட்ட தாய் வாசித்தால் அது வியாழன் ஆகிவிடுகிறது. ‘வரும் வெள்ளி’ இன்னும் மோசம். இந்த வெள்ளியா, அடுத்த வெள்ளியா என்று குழுவில் பதினைந்து பேர் கேட்பார்கள். பதினாறாவது ஆள் பிழையான பதிலைச் சொல்வார். திகதியும் கிழமையும் இரண்டும் வேண்டும். ஒன்றில் எழுத்துப்பிழை வந்தாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தத் திகதி எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். நம்முடைய அறிவித்தல்கள் ‘அன்பார்ந்த பெற்றோர்களே, எமது பாடசாலையின் வருடாந்த’ என்று தொடங்கி, பிரதம விருந்தினர், சிறப்பு விருந்தினர், கௌரவ விருந்தினர் எல்லோரையும் வரவேற்று முடித்த பிறகுதான் நேரத்தைச் சொல்கின்றன. தொலைபேசித் திரையில் ‘மேலும் வாசிக்க’ என்பதற்குக் கீழே போய்விட்ட திகதியை யார் தேடுவார்? நான் இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்:

‘பெப்ரவரி 26, வியாழன். தரம் 3 மாணவர் சந்தை. காலை 8.30 முதல் 10.30 வரை. வீட்டில் உள்ள மரக்கறி அல்லது பழம், கொஞ்சம் போதும். கடையில் வாங்க வேண்டாம். சீருடை. பாடசாலை வழமையான நேரத்துக்கு விடும்.’

விருந்தினர் பெயர்களுக்கு அழைப்பிதழ் இருக்கிறது. ‘கடையில் வாங்க வேண்டாம்’ என்ற வரியை வேண்டுமென்றே சேர்த்தேன். அதை எழுதாத வருடம் ஒரு பிள்ளை அன்னாசியும் அப்பிளும் கூடையோடு வந்தது. பக்கத்துப் பிள்ளை தன் இரண்டு கட்டு முருங்கைக்கீரையை மேசைக்குக் கீழே ஒளித்து வைத்தது.

யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கடிதத்தை அப்படியே பிரதி எடுத்துக் குழுவில் ஒட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பெற்றோரின் தொலைபேசியில் அது ஆங்கில எழுத்துகளின் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடில் எழுதுங்கள், முடியாவிட்டால் தாளைப் படம் பிடித்தாவது அனுப்புங்கள். அறிவித்தலுக்கென்று நிர்வாகிகள் மட்டும் எழுதக்கூடிய தனிக் குழுவும் வேண்டும். காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் விளையாட்டுப் போட்டி புதைந்து போகக்கூடாது.

மறக்கப்படும் இன்னொருவர் வான்காரர். மாணவர்கள் இல்லங்களாகப் பிரிந்து மோதும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முந்திய நாள் திடலைத் தயார்படுத்துவதற்காக நேரத்தோடு விடுவதாகப் பெற்றோருக்குச் சொன்னோம். பிள்ளைகளை ஏற்றிப் போகும் வான்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் சொல்வார் இல்லை. வான்காரர் கிண்ணியாப் பக்கம் ஓட்டத்தில் நின்றார். பதினொரு பிள்ளைகள் வாசலில் வேம்பின் கீழ் ஒன்றரை மணித்தியாலம் நின்றார்கள், நானும் நின்றேன். பாடசாலை விடும் நேரம் மாறுகிற எந்த நாளையும் முதலில் அவர்களுக்குச் சொல்லுங்கள். ஒரு வான்காரருக்குச் சொன்னால் பத்து வீட்டுக்குச் சொன்ன மாதிரி. நம்மைவிட அவருக்குத்தான் எல்லா வாசலும் தெரியும்.

நாள் குறிக்கும்போதே சில சிக்கல்களைத் தவிர்க்கலாம். சிவராத்திரியை அடுத்துக் கோணேசப் பெருமான் நகர்வலம் வரும் நாட்களில் நகரத்து வீடுகள் இரவிரவாக விழித்திருக்கும். மறுநாள் காலை ஏழு மணிக்குப் பெற்றோர் கூட்டம் வைத்தால் நாற்காலிகள்தான் வரும். வெள்ளி நண்பகல் ஜும்ஆத் தொழுகை நேரம். முஸ்லிம் பாடசாலைகளின் நோன்பு விடுமுறை வேறு நாட்காட்டியில் ஓடுவதால், இரண்டு பாடசாலைகளில் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அது இன்னொரு குழப்பம்.

தவணை அட்டவணையையே தராத பாடசாலைகளும் உண்டு. ‘வலயத்திலிருந்து அனுமதி வரவில்லை, பிறகு மாறினால் கேட்பார்கள்’ என்பது காரணம். கல்விச் சுற்றுலாவுக்கு வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதி தேவைதான். அதற்காக முழுத் தவணையையும் மறைக்க வேண்டுமா? ஒரே தாளில் ‘உறுதி’ என்றும் ‘மாறலாம்’ என்றும் பிரித்து எழுதினால் போதும். ஒக்டோபர் 1 சிறுவர் தினமும் 6 ஆசிரியர் தினமும் எங்கும் ஓடிப்போகாது.

முன்கூட்டிச் சொல்வது பணத்துக்காகவும்தான். மாதச் சம்பளக்காரருக்கு ஒரு கணக்கு, அன்றன்று பிடித்த மீனை விற்கிறவருக்கு வேறு கணக்கு. இல்ல நிறத்தில் ரீசேர்ட் வேண்டும் என்றால் மூன்று வாரம் கொடுங்கள். ‘இயன்ற பங்களிப்பு’ என்று எழுதினால் ஏழை வீடுதான் அதிகம் அஞ்சும்; தொகையையும், கட்ட முடியாதவர் தனியே பேசலாம் என்பதையும் எழுதுங்கள். கட்டாதவர்களின் பெயர்ப் பட்டியலைக் குழுவில் போடுவது பிழை என்ற சொல்லுக்குள் அடங்காது. அது அநியாயம்.

பெற்றோர் கூட்டங்கள் தரம் ஐந்துப் புலமைப்பரிசில் பரீட்சையிலேயே கரைந்து போவது பற்றிச் சொல்லத் தொடங்கினால் முடியாது. தரம் ஐந்து தவிர்ந்த மற்ற நான்கு வகுப்புகளின் பெற்றோரும் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவுபடுத்துகிறேன்.

மூன்றாம் தவணையின் பெரும்பகுதி இங்கே மாரி மழைக்குள் போகிறது. நிகழ்வு உண்டு என்பதை நான்கு வழியில் சொல்லும் நாம், இல்லை என்பதைக் குழுவில் ஒரு வரியில் முடித்துவிடுகிறோம். ஒரு டிசம்பரில் கிறிஸ்மஸை ஒட்டிய ஒளி விழா ஒத்திவைக்கப்பட்டது. காலை ஆறரைக்கு அறிவித்தோம். ஏழு மணிக்கு மூன்று தேவதூதர்கள் வெள்ளை உடையும் அட்டைச் சிறகுமாக, முழங்கால் வரை சேறுடன், வாசலில் வந்து இறங்கினார்கள். ஒருவனுடைய சிறகு மழையில் ஊறித் தொங்கியது. கூட வந்த பாட்டி குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்: “என்ன ரீச்சர், நாங்கள் நேரம் பிந்திவிட்டோமா?” அந்த மூன்று வீடுகளின் இலக்கங்களும் இப்போது என் அழைப்புப் பட்டியலில் மேலே இருக்கின்றன.