ஆபீஸ் போனில் உங்கள் குரலில் வாய்ஸ்மெயில் கிரீட்டிங்: ஃபிரீபிபிஎக்ஸ் செய்முறை

உங்கள் ஆபீஸ் போன்கள் ஆஸ்டரிஸ்க் (அழைப்புகளை இணைக்கும் மென்பொருள்), ஃபிரீபிபிஎக்ஸ் (அதை நிர்வகிக்கும் மென்பொருள்) வழியாக ஓடுகின்றன என்றால் இந்தக் குறிப்பு உங்களுக்கு. கிரீட்டிங் என்பது நீங்கள் போனை எடுக்காதபோது அழைத்தவருக்கு ஒலிக்கும் பதிவு. அதைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டால், "எக்ஸ்டென்ஷன் 205-ல் இருப்பவர் இப்போது இல்லை" என்ற பொருளில் ஒரு அந்நியக் குரல் வழக்கமாக ஆங்கிலத்தில் பேசும். சரியான ஆளைத்தான் கூப்பிட்டோமா என்றே அழைத்தவருக்குத் தெரியாது. சொல்ல வந்ததைச் சொல்லாமல் வைத்துவிடவும் கூடும்.

1. பெட்டியைத் திறப்பது

உங்கள் எண்ணுக்கு வாய்ஸ்மெயில் வசதி இருக்கிறதா, பாஸ்வேர்டு என்ன என்று சிஸ்டம் பார்ப்பவரிடம் கேளுங்கள். பிறகு உங்கள் மேசை போனில் *97 அழுத்தி, பாஸ்வேர்டைக் கொடுங்கள். வேறொருவர் போன் என்றால் *98. அது முதலில் உங்கள் எக்ஸ்டென்ஷன் எண்ணைக் கேட்கும். உள்ளே போனதும் 0 அழுத்தினால் கிரீட்டிங் மெனு வரும்.

2. எந்த எண் எதற்கு

1 – மணியடித்தும் எடுக்காதபோது வருவது
2 – லைன் பிஸியாக இருக்கும்போது வருவது
3 – உங்கள் பெயர் மட்டும்
4 – தற்காலிக கிரீட்டிங்

முதலில் 1-ஐயும் 3-ஐயும் முடித்துவிடுங்கள். கால் வெயிட்டிங் வைத்திருப்பவர்களுக்கு 2 அவ்வளவாகத் தேவைப்படாது. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதும் அடுத்த அழைப்பு மணியடிக்கும். எடுக்காவிட்டால் 1-ல் உள்ளதுதான் ஒலிக்கும்.

3. பதிவு

பீப் வந்ததும் பேசுங்கள், முடிந்ததும் # அழுத்துங்கள். அப்புறம் 1 அழுத்தினால் சேமிக்கும், 2 போட்டுக் காட்டும், 3 மறுபடி பதிவு செய்யும். சேமிக்காமல் போனை வைத்தால் புதிய பதிவு போய்விடும், பழையதே இருக்கும். ஸ்பீக்கரில் பேச வேண்டாம். ரிசீவரைக் கையில் எடுத்துப் பேசினால் ஃபேன் சத்தமும் பக்கத்து மேசைப் பேச்சும் அவ்வளவாக ஏறாது.

4. என்ன பேசுவது

அவசரப்படாமல் செய்ய வேண்டிய இடம் இதுதான். பேசுவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர், பிரிவு, எப்போது திருப்பிக் கூப்பிடுவீர்கள், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது: இவ்வளவு போதும். உதாரணமாக:

"வணக்கம், கணக்குப் பிரிவிலிருந்து செல்வி பேசுகிறேன். இப்போது போனை எடுக்க முடியவில்லை. பீப் சத்தம் கேட்டதும் உங்கள் பெயர், போன் நம்பர், பில் நம்பர் மூன்றையும் சொல்லுங்கள். இன்று மாலைக்குள் கூப்பிடுகிறேன். அவசரம் என்றால் எக்ஸ்டென்ஷன் 210-ல் பேசலாம்."

பில் நம்பரைக் கேட்டு வாங்குவது சின்ன விஷயம்தான். ஆனால் திருப்பிக் கூப்பிடும்போது கையில் ஃபைலோடு பேசலாம், அழைத்தவரும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை. "மாலைக்குள்" என்பது முடியாது என்றால் "நாளை மதியத்துக்குள்" என்றே சொல்லுங்கள். நிறைவேற்ற முடியாத நேரத்தைச் சொல்லவே வேண்டாம்.

பீப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். உங்கள் கிரீட்டிங் முடிந்ததும் சிஸ்டமும் அதையே சொல்லும், ஆனால் அமைப்பை மாற்றாதவரை ஆங்கிலத்தில்தான் சொல்லும். தமிழில் பேசுகிறவர்கள் அதிகம் கூப்பிடும் மேசை என்றால் உங்கள் வரிதான் அவர்களுக்கு வழிகாட்டும்.

5. லீவு நாட்களுக்கு

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் 1-ல் இருப்பதைத் தொடவே வேண்டாம். 4-ல் புதிதாகப் பதிவு செய்யுங்கள். அது இருக்கும்வரை மற்றதை மறைத்து அது மட்டுமே ஒலிக்கும். எந்தத் தேதியில் திரும்புவீர்கள் என்பதை அதில் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும் *97, 0, 4 என்று போய் 2 அழுத்தினால் அழிந்துவிடும், பழைய கிரீட்டிங் தானாகவே வந்துவிடும்.

6. சோதனை

உங்கள் மொபைலிலிருந்து ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டு, எடுக்காமல் விட்டு, முழுவதும் கேளுங்கள். குரல் சன்னமாக இருந்தால் ரிசீவரை வாய்க்கு இன்னும் பக்கத்தில் வைத்து மறுபடி பதிவு செய்யுங்கள்.