எடையும் உணவும்: ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2004-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ இதழில் இரண்டு மருத்துவர்களின் படம் வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. என்னும் உடல் நிறைக் குறியீட்டெண் இருவருக்கும் ஒன்றேதான்: 22.3. ஆனால் உடற்கொழுப்பை அளந்தபோது யூட்கினுக்கு 9.1 சதவீதமும் யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதமும் இருந்தன. யூட்கின் மாரத்தான் ஓடுபவர். யாஜ்னிக்கின் முக்கிய உடற்பயிற்சியோ, காலையில் மருத்துவமனை லிஃப்டின் கதவு மூடுவதற்குள் ஓடிப் போய் ஏறிக்கொள்வதுதான் என்று அந்தக் குறிப்பிலேயே வேடிக்கையாக எழுதியிருந்தார்கள். யாஜ்னிக் பிறந்தபோது எடை குறைவாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் அதில் சொல்லப்பட்டிருந்தது.

எடை இயந்திரத்தில் ஏறி இறங்கிவிட்டு "எனக்கு ஒன்றுமில்லை" என்று நிம்மதி அடைவது எவ்வளவு பெரிய தவறு என்பதை இந்த ஒரு படமே காட்டிவிடுகிறது. பி.எம்.ஐ.க்கு அடிப்படையான கணக்கை 19-ஆம் நூற்றாண்டில் வகுத்த பெல்ஜியத்தின் அடால்ஃப் கெட்லே மருத்துவர் அல்லர். மக்கள்தொகையின் சராசரிகளை ஆராய்ந்த புள்ளியியலாளர். ஆயிரம் பேரை ஒப்பிட அந்த எண் உதவும். ஆனால் ஒருவருடைய உடலில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அந்தக் கொழுப்பு தோலுக்கு அடியில் இருக்கிறதா, வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றிப் படிந்திருக்கிறதா என்பதை அது சொல்லாது. தெற்காசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே நீரிழிவு வருவதால், உலக அளவில் 25 என்றிருக்கும் அதிக எடையின் எல்லையை 2009-இல் இந்திய மருத்துவ வல்லுநர்கள் 23 ஆகக் குறைத்தார்கள். 25-க்கு மேல் சென்றால் உடல்பருமன் என்றும், இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டக்கூடாது என்றும் வகுத்தார்கள்.

இந்தச் சுற்றளவை அளப்பதிலும் பலர் தவறு செய்கிறார்கள். பேண்ட்டின் அளவு 34 அங்குலம், அதாவது 86 சென்டிமீட்டர், ஆகவே எல்லைக்குள்தான் இருக்கிறோம் என்று கணக்குப் போடுகிறார்கள். வயிறு முன்தள்ளியவர்கள் பேண்ட்டையோ வேட்டியையோ தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுவதால், அந்த எண் தொப்பையின் அளவாக இராது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை வெளியே விட்ட நிலையில் டேப்பைச் சுற்றி அளக்க வேண்டும். தையல்காரரிடம் இருக்கும் சாதாரண டேப்பே போதும்.

எடை குறையவில்லை என்பதற்காகவே நல்ல பழக்கத்தைக் கைவிடுவது அடுத்த தவறு. என் கணிப்பில் மிக அதிகம் பேருக்குத் தீங்கு செய்வது இதுதான். இரண்டு மாதம் நடப்பார்கள், இனிப்பைக் குறைப்பார்கள், இயந்திரத்தின் முள் அசையவில்லை என்றதும் "நம் உடம்பு வாகு அப்படி" என்று விட்டுவிடுவார்கள். மருத்துவர் அ. ராமச்சந்திரன் தலைமையில் சென்னையில் நடத்தப்பட்டு 2006-இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவு இவர்கள் கண்ணில் படவேண்டிய ஒன்று. நீரிழிவின் விளிம்பில் இருந்த 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற குழுவில் மூன்று ஆண்டுகளில் 55 சதவீதம் பேருக்கு நீரிழிவு வந்தது. நாள்தோறும் அரை மணி நேர நடை, சர்க்கரையையும் தீட்டிய மாவுப்பொருள்களையும் எண்ணெயையும் குறைத்தல், நார்ச்சத்தைக் கூட்டுதல் என்று தொடர்ந்து ஊக்கம் பெற்ற குழுவில் அது 39.3 சதவீதமாக இருந்தது. இந்தக் குழுவினருக்கு எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவே இல்லை. அப்படியிருந்தும் நோய் தள்ளிப்போனது.

இதற்கு நேர்மாறான பாடம் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ள 5,145 பேரை வைத்து நடந்த லுக் அஹெட் ஆய்வில், தீவிரப் பயிற்சி பெற்ற குழுவினர் முதல் ஆண்டில் தம் எடையில் எட்டு சதவீதத்துக்கு மேல் குறைத்தார்கள். ஆயினும் சுமார் பத்து ஆண்டுகள் கவனித்த பிறகும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் மற்றக் குழுவைவிடத் தெளிவான குறைவு தென்படாததால் 2012-இல் அந்தத் திட்டத்தை முடித்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களுக்கு மருந்தின் தேவை குறைந்தது, நடமாட்டம் மேம்பட்டது, தூக்கத்தில் மூச்சுத் திணறுவது தணிந்தது. "எடை குறைத்தால் எல்லாம் சரியாகும்", "எடை குறைத்தும் பயனில்லை" என்ற இரண்டு தலைப்புகளில் எதை வைத்தாலும் இந்த ஆய்வைப் பொய்யாகத்தான் சொன்னதாகும்.

எந்த உணவுமுறை சிறந்தது என்ற சண்டையில் காலத்தைக் கழிப்பதும் தவிர்க்க வேண்டியதே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் கொழுப்பு குறைந்த உணவுக்கும் மறுபாதியை மாவுச்சத்து குறைந்த உணவுக்கும் பழக்கினார்கள். ஓராண்டுக்குப் பின் சராசரியாக முதல் குழு 5.3 கிலோவும் இரண்டாம் குழு 6 கிலோவும் குறைத்திருந்தன. புள்ளியியல் கணக்கில் இது வேறுபாடே அல்ல. ஆனால் ஒரே குழுவுக்குள் 25 கிலோவுக்கு மேல் இழந்தவரும் இருந்தார், எடை கூடியவரும் இருந்தார். இரு குழுக்களுக்கும் பொதுவாகச் சொல்லப்பட்டவை, காய்கறியை அதிகம் உண்ணுங்கள், சர்க்கரையையும் மைதாவையும் தவிருங்கள், வீட்டில் சமையுங்கள் என்பவை. பேலியோவா, கீட்டோவா என்று சொந்தக்காரர்களுக்குள் பேச்சுவார்த்தையே நின்றுபோகும் அளவுக்குச் சண்டையிடும் நம்மவர்கள் 5.3-க்கும் 6-க்கும் இடையிலுள்ள தூரத்தை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

"நான் அளவாகத்தான் சாப்பிடுகிறேன்" என்ற நம்பிக்கையையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். எவ்வளவு குறைத்து உண்டும் எடை இறங்கவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரை நியூயார்க்கில் ஆராய்ந்து 1992-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் குறை எதுவும் இல்லை. அவர்கள் உண்டதை 47 சதவீதம் குறைத்தும், உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். இதைப் பொய் என்று சொல்ல முடியாது. நம் அடுக்களையிலேயே பாருங்கள்: மூன்று தோசை என்று எண்ணுகிறோம், அந்த மூன்றையும் சுற்றி விட்ட எண்ணெயை யாரும் எண்ணுவதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி உண்டு. தேங்காய்ச் சட்னியும், அதன் தாளிப்பும், இடையிடையே குடித்த காபிகளின் சர்க்கரையும் அப்படித்தான் கணக்கில் வராமல் போகின்றன. ஒரு மாத எண்ணெய்ச் செலவை வீட்டிலுள்ளோர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்ப்பது, தினமும் நாட்குறிப்பு எழுதுவதைவிட நேர்மையான கணக்கைத் தரும்.

பல்லாயிரம் பேரிடம் "என்ன சாப்பிட்டீர்கள்" என்று கேட்டு நடத்தும் ஆய்வுகளுக்கும் இதே பலவீனம் உண்டு. காரட் போன்றவற்றில் உள்ள பீட்டா கரோட்டின் என்னும் சத்து நிறைந்த காய்கனிகளை உண்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்று அத்தகைய ஆய்வுகள் காட்டின. அதை நம்பி ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து அந்தச் சத்தின் மாத்திரையைச் சோதித்தபோது, அதை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது. காரட்டில் இருந்த நன்மையை மாத்திரைக்குள் அடைக்க முடியவில்லை.

ஆய்வில் யாரைச் சேர்க்காமல் விட்டார்கள் என்பதைக் கவனியாமல் அதன் முடிவை வீட்டில் செய்துபார்ப்பது உடனடி ஆபத்தாகவே முடியலாம். பிரிட்டனின் டைரக்ட் ஆய்வில், மிகக் குறைந்த கலோரி உணவை உண்டவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டில் நீரிழிவு கட்டுக்குள் வந்து மருந்தே தேவைப்படாத நிலை ஏற்பட்டது. ஆனால் அவர்கள் அனைவரும் ஆறு ஆண்டுகளுக்குள் நோய் கண்டறியப்பட்டவர்கள். இன்சுலின் போடுபவர்கள் சேர்க்கப்படவில்லை. நீரிழிவு மாத்திரைகளை மருத்துவக் குழுவே தொடக்கத்தில் நிறுத்தியது. மாத்திரையும் இன்சுலினும் பழைய அளவிலேயே தொடர, உணவை மட்டும் பாதியாகக் குறைப்பவருக்கு ரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து மயக்கம் வரலாம். உப்பு விஷயமும் இதைப் போன்றதே. சீனாவில் 600 கிராமங்களை எடுத்து, அவற்றில் பாதிக்குப் பொட்டாசியம் கலந்த மாற்று உப்பைக் கொடுத்தபோது பக்கவாதம் 14 சதவீதம் குறைந்ததாக 2021-இல் வெளியான செய்தியைப் படித்து அந்த உப்பை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தீவிரச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களையும், பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் சில நீர் மாத்திரைகளை உண்பவர்களையும் அந்த ஆய்வு தொடக்கத்திலேயே விலக்கி வைத்திருந்தது. அத்தகையவர் ஒருவர் வீட்டில் இருந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அந்த உப்பைப் பொதுச் சமையலில் சேர்க்கக் கூடாது.