எல்லைக்கோட்டிலிருந்து இறங்கிய சீனி

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சீனி 118 மில்லிகிராம் என்று வந்தபோது எனக்கு வயது 44. 100 முதல் 125 வரையிலான அளவு நீரிழிவுக்கு முந்திய நிலை என்றும், உணவையும் உடற்பயிற்சியையும் கொண்டே அதைச் சீர்செய்ய வாய்ப்புண்டு என்றும் வைத்தியர் சொன்னார். குற்றத்தைத் தேட வேண்டியிருக்கவில்லை: காலையில் பாண், மதியம் தட்டு நிறையச் சோறு, இடையிடையே இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணீர் ஐந்து முறை.

முதலில் சோற்றை அடியோடு நிறுத்தி, நான்காம் நாளே தோற்றேன். பிறகு மனைவி தட்டின் ஒழுங்கை மாற்றினார்: பாதித் தட்டில் வல்லாரைச் சம்பலும் முருங்கையிலை வறையும், கால் பங்கு சிவப்பரிசிச் சோறு, மீதியில் சூடை மீன் குழம்பு. இரவில் குரக்கன் பிட்டு. தேத்தண்ணீர்தான் உண்மையில் கடினமாக இருந்தது. அதனுடன் கடித்துக்கொள்ளும் பனங்கட்டியும் சீனிதான் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

டச்சுக்குடாக் கடற்கரையில் வாரத்துக்கு ஐந்து நாள், அரை மணி நேரம், பேச முடிந்தாலும் பாட முடியாத வேகத்தில் நடந்தேன். வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள குளுக்கோசை இழுத்துக்கொள்ளும் என்பதால் இரவு உணவுக்குப் பின்னும் பத்து நிமிடம் சேர்த்தேன். மார்கழி மழையில் வீட்டு விறாந்தையே பாதையாயிற்று. ஆறு மாதத்தில் எடை 5 கிலோ குறைந்தது, வெறும் வயிற்றுச் சீனி 97 ஆனது.