ஐந்து வயதுப் பிள்ளைக்கு ஊர்த் திருவிழா மாதிரி பிறந்தநாள்

‘கிராமத்து தீம்’ என்று கேட்டால் மாட்டுவண்டி அச்சடித்த பேனரும் தெர்மோகோல் கிணறும் கொண்டுவந்து வைப்பார்கள். படம் நன்றாக வரும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அங்கே கைவைக்க ஒன்றும் இருக்காது. மாவிலைத் தோரணம், வாசலில் பெரிய கோலம், உட்காரக் கோரைப்பாய், இவ்வளவு போதும். மிச்சப் பணம் விளையாட்டுக்கும் பலகாரத்துக்கும் போகட்டும். 12 பிள்ளைகள், மாலை 4 முதல் 6 மணி வரை என்பது சரியான அளவு. இருட்டிய பிறகும் இழுத்தால் அழுகைதான்.

உறியடிதான் உயிர். ஆனால் மண்பானை வேண்டவே வேண்டாம். பானை உடைந்த நொடியில் பிள்ளைகள் வெறுங்காலோடு பாய்வார்கள், ஓட்டுச்சில்லு கிழித்துவிடும். காகிதப் பானை செய்துகொள்ளுங்கள். ஒரு கப் மைதாவை ஐந்து கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கஞ்சிப் பதத்துக்குக் காய்ச்சி ஆறவையுங்கள். பெரிய பலூனை ஊதி, அதன்மேல் இரண்டு விரல் அகல செய்தித்தாள் துண்டுகளை மூன்று அடுக்கு ஒட்டுங்கள். ஓர் அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது. ஈரத்தோடு மூடினால் உள்ளே பூசணம் பிடிக்கும். அதனால் மூன்று நாள் முன்பே தொடங்குங்கள். அடுக்கு ஐந்தைத் தாண்டினால் பிள்ளைகளால் உடைக்க முடியாது. காய்ந்ததும் பலூனைக் குத்தி எடுத்துவிட்டு, காவி பூசிக் கோலம் போடுங்கள்.

வாயோரம் ஓட்டை போட்டுக் கயிறு கட்டாதீர்கள். முதல் அடியிலேயே கிழிந்து பானை முழுசாக விழும். இரண்டு கயிற்றை அடியில் குறுக்காகக் கொடுத்து, உறி மாதிரி மேலே சேர்த்து முடியுங்கள். அந்தக் கயிற்றைக் கொக்கியில் மாட்டி, மறுமுனையைப் பெரியவர் ஒருவர் பிடிக்க வேண்டும்: குட்டிப் பிள்ளைக்குப் பானையை இறக்க, வளர்ந்த பிள்ளைக்கு உயர்த்த. இரண்டடி நீள லேசான மூங்கில் கம்பு போதும். கண்ணைக் கட்ட வேண்டாம். சுற்றிலும் பத்தடி தள்ளி வட்டம் வரைந்து, கம்பு பெரியவர் கைக்குத் திரும்பும்வரை யாரும் உள்ளே வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். முதல் அடி பிறந்தநாள் பிள்ளைக்கு. தன் முறை வருமுன் பானை உடைந்தால் அந்தப் பிள்ளை தாங்காது. உள்ளே மிட்டாயைச் சும்மா கொட்டாமல் 12 பொட்டலங்களாகக் கட்டிப் போடுங்கள், ஆளுக்கொன்று. எல்லாம் சேர்ந்து அரைக்கிலோ போதும்.

பாயில் பல்லாங்குழி விரியட்டும். 14 குழி, குழிக்கு ஐந்து வீதம் 70 புளியங்கொட்டை. பக்கத்தில் ஒரு பாட்டியோ அத்தையோ உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கட்டும். அழகாக இருக்கிறதென்று குன்றிமணி வைக்காதீர்கள். அதன் பருப்பு கடும் நஞ்சு. மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. மூன்று வயதுக்குக் கீழே தம்பி, தங்கை வந்தால் புளியங்கொட்டையும் மூக்குக்குள் போகும், கண் வையுங்கள்.

பம்பரம் இந்த வயதுக்கு வராது: சாட்டை சுற்றத் தெரியாது, ஆணி வேறு. பனையோலைக் காத்தாடி கொடுக்கலாம். காய்ந்த ஓலை மடிக்கும்போது விரியும், இளசாகப் பார்த்து வாங்கி ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காத்தாடியைக் குத்திச் சுழலவிட கருவேல முள்ளுக்குப் பதில் முனை மழுக்கிய மூங்கில் குச்சி.

பலகாரத்தில் சூடான குழிப்பணியாரத்துக்கு ஈடில்லை. ஆளுக்கு நான்கு என்றால் 48. ஏழு குழிக் கல்லில் ஏழு ஈடு, ஈட்டுக்கு ஐந்தாறு நிமிடம், முக்கால் மணி நேரம் ஆகிவிடும். அவ்வளவு நேரம் பிள்ளைகள் பொறுக்க மாட்டார்கள். பாதியை முன்பே சுட்டு ஹாட்பாக்ஸில் வைத்து, மீதியைக் கண்முன் ஊற்றுங்கள். பானகத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் வெல்லம், ஓர் எலுமிச்சை, ஏலக்காய். சுக்கு ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் காரமென்று தள்ளிவிடுவார்கள். வெல்லத்தை வடிகட்ட மறக்காதீர்கள், மண் இருக்கும். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை உண்டா என்று அழைக்கும்போதே கேட்டுவிட்டால், அந்தப் பிள்ளையின் உறியடிப் பொட்டலத்தில் கடலைமிட்டாய்க்குப் பதில் பொரியுருண்டை வைக்கலாம்.

குத்துவிளக்கு ஏற்றுவதாக இருந்தால் பட்டுப்பாவாடை உரசாத உயரத்தில், சுவரோரம். ஓடியாடும் நேரத்துக்குப் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக் கட்டிவிடுங்கள். பையன்களுக்கு ஒட்டிக்கோ வேட்டி. கிளம்பும்போது பனையோலைக் கொட்டானில், அதாவது சின்னக் கூடையில், இரண்டு கைமுறுக்கு வைத்துக் கொடுங்கள். எண்ணெய் ஓலையில் ஊறாமலிருக்க அடியில் பட்டர் பேப்பர் போடுவது அவசியம்.