டெல்லிக் குளிரில் குதிகால் வெடிப்பு

உள்ளங்கால் தோலில் எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. டெல்லியில் குளிர் தொடங்கிக் காற்று வறண்டதும் குதிகால் தோல் தடித்து இறுகி, உடல் எடை அழுத்தும்போது விரிய முடியாமல் பிளக்கிறது. கீஸரில் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பதும், பின்பக்கம் திறந்த செருப்பும் இதைக் கூட்டும்.

இரவில் வெதுவெதுப்பான நீரில் கால்களை 10 நிமிடம் ஊறவையுங்கள். எலுமிச்சை பிழிய வேண்டாம், வெடிப்பில் எரியும். ஊறிய தோலை பியூமிஸ் கல்லால் மெதுவாகத் தேயுங்கள். வாரம் 2 முறை போதும். ஒரே நாளில் வழவழப்பாக்க நினைத்து அழுத்தித் தேய்த்தால் புண்தான் மிஞ்சும். பிளேடு பக்கமே போகாதீர்கள்.

ஒற்றித் துடைத்து, ஈரம் முழுதும் காயுமுன் யூரியா கிரீம் (தடித்த தோலை இளக்கும் களிம்பு) தடவ வேண்டும். லேசான வறட்சிக்கு 10 சதவீதம், தடித்த தோலுக்கு 20 முதல் 25 சதவீதம். ஆழமாகப் பிளந்த இடத்தில் யூரியா சுரீரென்று எரியும்; அங்கே வாசலின் மட்டும். மேலே பருத்தி சாக்ஸ். அதோடு மார்பிள் தரையில் நடந்தால் வழுக்கும், எனவே படுக்கையில் உட்கார்ந்தபிறகே போடுங்கள். கிரீமைத் தினமும் தடவ வேண்டும், வெடிப்பு மூடிய பிறகும்.

தேங்காய் எண்ணெய் ஈரத்தைக் காக்கும்; ஆனால் தடித்த தோலை அது கரைக்காது.

சர்க்கரை நோயாளிகள் ஊறவைப்பதும் தேய்ப்பதும் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள். சீழ், வீக்கம் இருந்தாலும் அப்படியே. விரலிடுக்கில் அரிப்பும் செதிலும் சேர்ந்திருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு மருந்தே வேறு.