குடுவையில் ஜெயிக்கும் பாக்டீரியா தொழிற்சாலையில் ஏன் தோற்கிறது?

சர்க்கரையை வேதிப்பொருளாக மாற்றும் பாக்டீரியாவை உருவாக்கக் கிளம்புகிறவர்கள் கணக்குப் போடாமல் குளோனிங்கில், அதாவது வேண்டிய ஜீனை வெட்டி ஒட்டிப் பாக்டீரியாவுக்குள் நுழைக்கும் வேலையில், இறங்கிவிடுகிறார்கள். பெரிய தவறு இதுதான். 100 கிராம் குளூக்கோஸிலிருந்து அதிகபட்சம் 51 கிராம் எத்தனால்தான் வரும். மிச்சம் கரியமில வாயுவாகப் போய்விடும். எந்த ஜீனை நுழைத்தாலும் இந்த வரம்பு நகராது. உங்கள் பொருளுக்கான வரம்பு என்ன, அந்த விளைச்சலில் சர்க்கரைக்குப் போட்ட பணமாவது திரும்புமா என்று முதலில் பாருங்கள்.

கணக்குப் போட்டவர்களுக்கு டியூபான்ட், ஜெனென்கோர் நிறுவனங்கள் நல்ல உதாரணம். ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் ஈ.கோலை பாக்டீரியா, குளூக்கோஸை உள்ளே இழுக்கவே பாஸ்போஈனால்பைருவேட்டை (சர்க்கரை சிதையும்போது செல்லுக்குள் உருவாகும் இடைப்பொருள்) செலவழிக்கும். அதனால் விளைச்சல் குறையும். அந்த வழியை அடைத்து, கேலக்டோஸ் நுழையும் வழியாகக் குளூக்கோஸை உள்ளே விட்டார்கள். லிட்டருக்கு 135 கிராம் 1,3-புரொப்பேன்டையால் (செயற்கை இழை தயாரிக்க உதவும் வேதிப்பொருள்) கிடைத்தது. 2006-ல் அமெரிக்காவின் டென்னசியில் மக்காச்சோளச் சர்க்கரையை வைத்து ஆலையே ஓடியது.

அடுத்த தவறு எல்பி ஊடகம், அதாவது ஆய்வகத்தில் பாக்டீரியா வளர்க்கும் சத்துக் கரைசல். அதிலுள்ள பெப்டோனையும் (பாதி செரித்த புரதம்) ஈஸ்ட் சாற்றையும் தின்று பாக்டீரியா கொழுக்கும்; நாம் எல்லாவற்றையும் குளூக்கோஸ் கணக்கில் எழுதிப் பூரிப்போம். எளிய உப்பு ஊடகத்தில் ஒருமுறை ஓட்டினால் சாயம் வெளுத்துவிடும். மூலப்பொருள் கரும்புச் சக்கை என்று திட்டத்தில் எழுதிவிட்டுச் சுத்தக் குளூக்கோஸில் சோதிப்பதும் இதே ரகம். சக்கைச் சாற்றில் சைலோஸ் என்ற இன்னொரு சர்க்கரையும் இருக்கும்; குளூக்கோஸ் தீரும்வரை ஈ.கோலை அதைச் சீண்டாது. போதாக்குறைக்கு, சக்கையைச் சிதைக்கும்போது உண்டாகும் ஃபர்ஃபுரால் என்ற நச்சு வேறு வளர்ச்சியை முடக்கும்.

நாம் நுழைத்த ஜீன் பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் இருக்கும்; ஆம்பிசிலினைத் தாங்கும் ஜீனும் அதில்தான். அதனால் ஆம்பிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தைப் போட்டால் பிளாஸ்மிட் நிலைத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். பிளாஸ்மிட் உள்ள செல்கள் வெளியே கசியவிடும் நொதி மருந்தைச் சிதைத்துவிடும். பிறகு பிளாஸ்மிட்டைத் தொலைத்த சோம்பேறிகள் சுமையில்லாமல் வேகமாகப் பெருகும். ஜீனைப் பாக்டீரியாவின் சொந்த டிஎன்ஏவான குரோமோசோமிலேயே சேர்ப்பது உத்தமம்.

பிரித்தெடுப்பைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். உதாரணத்துக்கு, பிளாஸ்டிக் முதலியவற்றுக்கு மூலப்பொருளாகும் சக்சினிக் அமிலம் சுரக்கச் சுரக்கக் கலன் புளிக்கும். ஈ.கோலைக்கு அது ஆகாது. சுண்ணாம்பு போட்டுச் சமன்செய்தால் கிடைப்பது உப்பு. அதை மீண்டும் அமிலமாக்கக் கந்தக அமிலம் ஊற்ற வேண்டும். ஜிப்சம் என்ற கழிவு மலைபோல் குவியும். இதனால்தான் சக்சினிக் அமிலம் தயாரித்த பயோஆம்பர் நிறுவனம் புளிப்பைத் தாங்கும் ஈஸ்டுக்கு மாறி, 2015-ல் கனடாவின் சார்னியாவில் ஆண்டுக்கு 30,000 டன் ஆலையைத் திறந்தது. ஆனால் அதற்குள் கச்சா எண்ணெய் விலை சரிந்து, போட்டிப் பொருள்கள் மலிவாகிவிட்டன. 2018-ல் நிறுவனம் திவாலானது.